ரெண்டு கிலோ கழிவுக்கு ரெண்டு மணி நேரம் எரியும் என்று யாராவது சொன்னால்

பம்ப்செட் கம்பெனி ஒன்றில் பதினாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். ஒரு ரூபாய் இடித்தாலும் வவுச்சரைத் தேடி எடுக்காமல் வீட்டுக்குக் கிளம்ப மாட்டேன். அப்படிப்பட்ட நான் 2024 ஜனவரியில் 30,400 ரூபாய் கொடுத்து, சமையலறைக் கழிவிலிருந்து அடுப்புக்கு எரிவாயு தரும் பயோகேஸ் கலன் என்று நம்பி, ஒரு புளித்த தண்ணீர்த் தொட்டியைப் பின்கட்டில் வாங்கி வைத்தேன். விற்றவர் மேல் வழக்கு நடப்பதால் பெயரைப் போடவில்லை. அவர் பேசிய பேச்சை மட்டும் அப்படியே போடுகிறேன். அதே பேச்சு உங்கள் வாசலுக்கும் வரலாம்.

எங்கள் வீடு கோவை போத்தனூரில். வெள்ளலூர் குப்பைக் கிடங்கு பக்கம்தான். காற்று இந்தப் பக்கம் திரும்பும் இரவுகளில் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் படுக்க வேண்டும். ஊருடைய சோறும் குழம்பும் காய்கறித் தோலும் அங்கே குவிந்து, அடியில் காற்றுப் படாமல் அழுகி, மீத்தேனாக மேலே வருகிறது. நூறு வருடக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மீத்தேன், ஏறத்தாழ 28 கிலோ கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். அந்தக் குவியலில் எங்கள் வீட்டுப் பங்கும் இருக்கிறதே என்பது ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. அதனால்தான் ஒரு கண்காட்சியில் "உங்க வீட்டு மிச்சம் மீதியே உங்க அடுப்பை எரிக்கும்" என்ற பலகையைப் பார்த்ததும் கால் தானாக நின்றுவிட்டது.

ஸ்டாலில் இருந்தவர் நன்றாகப் பேசினார். "குப்பை மேட்டுல நடக்கிற அதே அழுகலை நாம டேங்குக்குள்ள நடத்துறோம் மேடம். அங்க சும்மா போற கேஸ் இங்க அடுப்புக்கு வருது. எரிச்சா வர்ற கரியமில வாயு, செடி ஏற்கனவே காத்துல இருந்து எடுத்ததுதான்." இது உண்மை. அவர் சொன்னதில் முழு உண்மை இது ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது.

மற்றவை வரிசையாக வந்தன. தினம் ரெண்டு கிலோ போட்டால் ரெண்டு மணி நேரம் எரியும். மாசம் ஒரு சிலிண்டர் மிச்சம். இது "ஒரு கன மீட்டர் பிளான்ட்", அதனால் அரசு மானியம் பன்னிரண்டாயிரம் வரும், ஃபைல் சார்ஜ் 1,500 மட்டும் கொடுங்கள். வெளியே வரும் கரைசலை லிட்டர் அஞ்சு ரூபாய்க்கு நாங்களே எடுத்துக்கொள்வோம். என் வீட்டுக்காரர் "யோசிச்சுச் சொல்றோம்" என்று நழுவப் பார்த்தார். நான்தான் அங்கேயே நின்று கூகுள் பேயில் பதினைந்தாயிரம் அட்வான்ஸ் போட்டேன். கையில் பணம் இல்லாததால் போனில் போட்டேன். அது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று கடைசியில் சொல்கிறேன்.

அடுத்த வாரம் சின்ன யானையில் இரண்டு பையன்கள் வந்தார்கள். ஆயிரம் லிட்டர் கறுப்புத் தண்ணீர் டேங்கின் தலையை அறுத்து, அதற்குள் 750 லிட்டர் டேங்க் ஒன்றைக் கவிழ்த்து வைத்தார்கள். கழிவு போட ஒரு குழாய், கரைசல் வெளியேற ஒரு குழாய், மேலே ஒரு வால்வு. அங்கிருந்து சமையலறை வரைக்கும் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பச்சை ஹோஸ். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. "சாணி வேண்டாமா தம்பி?" என்று என் மாமியார் கேட்டார். "அதெல்லாம் பழைய காலம் பாட்டி, பாக்டீரியா பவுடர் இருக்கு" என்று ஒரு பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டினார்கள். அதற்குத் தனியாக 900 ரூபாய். "நாளையிலிருந்து தாராளமா மூணு கிலோ போடுங்க" என்று சொல்லிவிட்டு, மீதிப் பணம் போனில் ஏறியதைப் பார்த்ததும் கிளம்பினார்கள்.

தாராளமாகத்தான் போட்டேன். வீட்டில் அவ்வளவு சேராது என்பதால் பக்கத்து வீட்டிலும் வாங்கிப் போட்டேன். பன்னிரண்டாம் நாள் உள் டேங்க் கொஞ்சம் மிதந்து எழுந்தது. எல்லாரையும் கூப்பிட்டு நிற்கவைத்து அடுப்பைத் திறந்தேன். தீக்குச்சி அணைந்ததுதான் மிச்சம். போன் செய்தால் "ஏர் லாக் மேடம், ரெண்டு நாள் விடுங்க." இரண்டு நாள் விட்டால் "இன்னும் கொஞ்சம் மாவு கரைச்சு ஊத்துங்க." ஊற்றினேன். கஞ்சித் தொட்டி வாசம் தெரு வரை போனது. அதற்குப் பிறகு போனை எடுப்பதே நின்றுபோனது.

செட்டிபாளையம் பக்கத்தில் எங்களுக்குப் பால் ஊற்றுகிற பெரியவர் வீட்டில் முப்பது வருடமாகச் சாணி கேஸ் ஓடுகிறது. அவரை அழைத்து வந்து காட்டினேன். குச்சியை விட்டுக் கலக்கி முகர்ந்து பார்த்தார். "சாணி ஊத்துனீங்களா அம்மிணி?" இல்லை என்றேன். "மாட்டு வவுத்துல இருக்கற பூச்சிதானுங்க கேஸ் உண்டாக்குது. அது டேங்குல பெருகறதுக்கு முன்னால இத்தனை சோத்தைக் கொட்டுனா புளிக்காம என்ன பண்ணும்?" என் பையன் பள்ளி ஆய்வகத்திலிருந்து, புளிப்பை அளக்கும் பிஎச் தாள் கொண்டுவந்து நனைத்தான். ஐந்து காட்டியது. ஏழுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். அமிலம் ஏறினால் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் முடங்கிவிடும், வெறும் கரியமில வாயுதான் வரும். தீக்குச்சி அணைந்தது அதனால்தான்.

சரி, புளித்துப்போனதைச் சரி செய்துவிடலாம். ஆனால் சரியாக ஓடினாலும் அவர் சொன்னபடி எரியுமா? அன்று ராத்திரிதான், வாங்குவதற்கு முன் போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன்.

சமையலறைக் கழிவு ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 100 லிட்டர் பயோகேஸ் வரும். பழைய சோறு, புளித்த மாவு என்றால் கூடும், கீரைத்தண்டும் பூசணித் தோலும் என்றால் நன்றாகவே குறையும். ஒரு பர்னர் அடுப்பு ஒரு மணி நேரத்துக்கு 400 முதல் 450 லிட்டர் குடிக்கும். அப்படியானால் ரெண்டு கிலோவுக்கு அரை மணி நேரம்தான் எரியும். ரெண்டு மணி நேரம் எரிய வேண்டுமானால் எட்டு கிலோவுக்கு மேல் வேண்டும்.

அப்புறம் சிலிண்டர் கணக்கு. பயோகேஸில் 55 முதல் 65 சதவீதம்தான் மீத்தேன், மீதியில் பெரும்பகுதி எரியாத கரியமில வாயு. அதனால் ஆயிரம் லிட்டர் பயோகேஸ், சுமார் 450 கிராம் சிலிண்டர் கேஸுக்குத்தான் ஈடு. வீட்டுச் சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. மாசம் ஒன்று மிச்சமாக வேண்டுமென்றால் தினமும் பத்து கிலோ கழிவு விழ வேண்டும். எங்கள் வீட்டில் தினமும் கல்யாணம் நடந்தால்தான் உண்டு. காய் நிறுக்கும் தராசில் ஒரு மாதம் எங்கள் கழிவை நிறுத்துப் பார்த்தேன். நான்கு பேர். எலுமிச்சைத் தோல், வெங்காயச் சருகு, முட்டை ஓடு, எலும்பு, தேங்காய் நார் எல்லாம் ஒதுக்கினால் நாளுக்குச் சராசரி 1.1 கிலோ. கால் மணி நேர நெருப்பு. மாதத்துக்கு ஒன்றரை கிலோ கேஸ் மிச்சம். ஒரு சிலிண்டர் மிச்சம் பிடிக்க ஒன்பதரை மாதம். நான் கொடுத்த பணம், அன்றைய சிலிண்டர் விலையில், திரும்பி வர 29 வருடம். பையனுடைய பையன் வந்து அடுப்பை அணைப்பான்.

அடுத்து அந்த "ஒரு கன மீட்டர்". இதில்தான் நிறையப் பேர் விழுவார்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பொய் என்று சொல்ல முடியாதபடி பொய். ஆயிரம் லிட்டர் டேங்கின் கொள்ளளவு ஒரு கன மீட்டர்தான். ஆனால் அரசுத் திட்டத்தில் ஒரு கன மீட்டர் கலன் என்றால் ஒரு நாளைக்கு அவ்வளவு வாயு தருகிற கலன் என்று பொருள். அதற்கு 25 கிலோ சாணி வேண்டும், அதாவது இரண்டு மூன்று மாடு. நான் வாங்கியபோது ஒன்றிய அரசின் மானியம் 1 முதல் 25 கன மீட்டர் வரையிலான கலன்களுக்கு, அந்தக் கணக்கில்தான் இருந்தது. நாளொன்றுக்கு நூறு லிட்டர் தருகிற என் டேங்குக்கு எந்த ஃபைலும் நகராது. 1,500 ரூபாய் எதற்கு வாங்கினார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. விளங்குகிறது, ஆனால் எழுத வேண்டாம்.

அடுப்பைத் திருப்பிப் பார்த்தேன். பழைய சிலிண்டர் அடுப்பின் ஜெட்டை, அதாவது கேஸ் வரும் துளையை, ஏதோ ஆணியால் கோணல்மாணலாகப் பெரிதாக்கியிருந்தார்கள். பயோகேஸுக்கு அழுத்தமும் குறைவு, சூடும் குறைவு, ஆகவே ஜெட் பெரிதாக இருக்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் அதற்கென்றே ஐஎஸ் 8749 என்ற இந்தியத் தரத்தில் அடுப்பு இருக்கிறது, அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஹோஸ் நடுவில் தொய்ந்து தண்ணீர் கட்டியிருந்தது. பயோகேஸ் ஈரத்தோடு வரும், குழாயின் தாழ்ந்த இடத்தில் தண்ணீரை வடிக்க ஒரு வால்வு இல்லாவிட்டால் நாலு நாளில் அடைத்துக்கொள்ளும். அழுகிய முட்டை வாசம் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பிடிக்க இரும்புத் துருவல் வைத்த ஒரு சின்னக் குழாய் போதும். அதுவும் இல்லை.

என்னை அதிகமாகச் சுட்டது இவை எதுவும் இல்லை. இரண்டு டேங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி. உள் டேங்க் ஏறி இறங்குகிற அளவுக்கு ஒட்டி இருக்க வேண்டிய இடம், எங்களிடம் நாலு விரல்கடை அகலம். அங்கே கொசுப் புழு மிதந்தது, அதற்கு நடுவே குமிழ் குமிழாக வாயு வந்து வெடித்துப் போய்க்கொண்டிருந்தது. கலன் சரியாக ஓடத் தொடங்கிவிட்டால் அந்தக் குமிழில் இருப்பது மீத்தேன். வெள்ளலூருக்குப் போய்ச் சேரக் கூடாது என்று நினைத்ததை என் வீட்டுப் பின்கட்டிலிருந்தே அனுப்பியிருப்பேன். அந்த ஏப்ரலில் கிடங்கில் தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. ஈரத்துணியை ஜன்னலில் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அந்த டேங்கைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

பணத்தைப் பற்றி. பில் கேட்டபோது "எஸ்டிமேட்" என்று தலைப்பிட்ட ஒரு துண்டுச்சீட்டுதான் கிடைத்தது. ஜிஎஸ்டி எண் இல்லை. பதினாறு வருடம் வவுச்சர் பார்க்கிறவள் அதை வாங்கிப் பர்சில் வைத்தேன் என்பதை எங்கள் ஆபீசில் இன்னும் சொல்லவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தேன், பதிவு எண் கிடைத்தது, எதிர்த்தரப்பிலிருந்து பதில் இல்லை. பதிவுத் தபாலில் அனுப்பிய நோட்டீஸ் "இந்த முகவரியில் இல்லை" என்று திரும்பியது. அந்த உறையைக் கிழிக்காமல் வைத்தேன். ஆகஸ்டில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நானே மனுப் போட்டேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பணம் வாங்கியது ஒரு கம்பெனி கணக்கில் இல்லை, தனி ஆள் கணக்கில். கூகுள் பே ரசீதில் அந்தப் பெயர் இருக்கிறது. கையில் நோட்டாகக் கொடுத்திருந்தால் என்னிடம் ஒரு துண்டுச்சீட்டைத் தவிர எதுவும் இருந்திருக்காது.

டேங்கைத் தூக்கிப் போடவில்லை. பெரியவர் புளித்ததை எல்லாம் காலி செய்யச் சொன்னார். தன் கலனிலிருந்து ஓடிக்கொண்டிருந்த கரைசல் நாலு கேனும் புதுச் சாணியும் கொண்டுவந்து, சாணிக்குச் சமமாகத் தண்ணீர் விட்டுக் கரைத்து ஊற்றினார். மூன்று வாரம் ஒரு பருக்கைகூடப் போடக் கூடாது என்று கட்டளை. முதலில் சேர்ந்த வாயுவை, உள்ளே காற்றும் கலந்திருக்கும் என்று பற்றவைக்காமல் வெளியே விட்டோம். பிறகு அரை கிலோவில் தொடங்கி மெல்ல ஏற்றினோம். இடைவெளியைக் குறைக்க உள் டேங்கைச் சுற்றி ஒரு வளையம் அடித்தோம், புது அடுப்பு வாங்கினோம், ஹோஸை மாற்றினோம். இதற்குப் போன பணத்தை மேலே உள்ள 29 வருடத்தில் சேர்க்கவில்லை, மனசு கேட்கவில்லை.

இப்போது தினமும் காலையில் ஒரு பாத்திரம் பால் காய்ச்சி, காபி போட்டு, மாமியாருக்குக் குளிக்க அரை வாளி வெந்நீர் வைப்பதற்குள் தீ சுருங்கிவிடுகிறது. எங்கள் வீட்டுச் சோற்றுக் கழிவு கிடங்குக்குப் போவதில்லை. விற்கிறவர் இதை மட்டும் சொல்லி, நியாயமான விலைக்குக் கொடுத்திருந்தால் நான் வாங்கியிருப்பேன். லிட்டர் அஞ்சு ரூபாய் தருவதாகச் சொன்ன கரைசலைப் பெரியவர்தான் பால் கேனில் எடுத்துப்போகிறார், தென்னைக்கு ஊற்ற. காசு தருவதில்லை, நானும் கேட்பதில்லை.

கோவை, திருப்பூர் பக்கம் 2023 கடைசியிலோ 2024 தொடக்கத்திலோ கண்காட்சியில் இதே போல டேங்க் வாங்கி, "ஏர் லாக்" என்ற பதிலோடு நிற்கிறவர்கள் இருந்தால், போனை மாற்றும்போது பணம் அனுப்பிய ரசீதை அழித்துவிடாதீர்கள். துண்டுச்சீட்டு என்றாலும் பத்திரப்படுத்துங்கள். வழக்குப் போட, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம்தான் அவகாசம், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.