மழை வார இறுதிக்கு நாலு இணையத்தளங்கள்

சனி ஞாயிறில் மழை பிடித்துக்கொண்டால் கொழும்பில் காலிமுகத்திடலும் இல்லை, வெள்ளவத்தைக் கடற்கரையும் இல்லை. வீட்டில் இருந்தபடி ஆறுதலாகப் பார்க்க நல்ல தளங்கள் வேண்டும் என்று கேட்பவர்களுக்காக இந்த முறை நாலைத் தெரிந்தெடுத்திருக்கிறேன். நான் பார்ப்பது இரண்டே விஷயம்: காசு கேட்கக் கூடாது, கணக்குத் திறந்தால்தான் உள்ளே விடுவேன் என்று வாசலில் மறிக்கக் கூடாது.

முதல் இடம் ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைக்ஸ்மியூசியம் என்கிற அருங்காட்சியகத்தின் தளத்துக்கு. ரெம்பிராண்ட் 1642இல் வரைந்து முடித்த 'நைட் வோச்' ஓவியத்தை 8,439 தனித்தனிப் படங்களாக எடுத்து ஒட்டி, 717 கிகாபிக்சல் கொண்ட ஒரே படமாக 2022 ஜனவரியில் வெளியிட்டார்கள். பிக்சல் என்றால் படத்தின் மிகச் சின்னப் புள்ளி, ஒரு பிக்சலுக்கும் அடுத்ததுக்கும் இடையில் 0.005 மில்லிமீற்றர்தான். எண்ணைக் கேட்கும்போது பெரிதாக ஒன்றும் தோன்றாது, உள்ளே போய்ப் பாருங்கள். நடுவில் கறுப்பு உடுப்பில் நிற்கிற கப்டன் கையை நீட்டுகிறார், அந்தக் கையின் நிழல் பக்கத்தில் நிற்கிற லெப்டினன்டின் மஞ்சள் சட்டையில் விழுகிறது. அந்த இடத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் சட்டையின் சரிகை வேலை மெல்லக் கலைந்து, தடிப்பாக அப்பிய மஞ்சளும் வெள்ளையுமாக மாறி, கடைசியில் சாயம் வெடித்த கோடுகள் மட்டும் மிஞ்சும். திரும்பப் பின்னால் வந்தால் அதே சாயம் மறுபடியும் சரிகையாகிவிடும். இடுப்பில் கோழி தொங்கவிட்ட சிறுமியையும் தேடிப் பாருங்கள். நேரில் போனால் தடுப்புக்கு அப்பால் நின்றுதான் பார்க்கலாம், இவ்வளவு கிட்ட யாரையும் விடமாட்டார்கள். டேட்டா முடிந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், நீங்கள் பார்க்கிற துண்டு மட்டும்தான் இறங்கும். ஆனால் போனில் வேண்டாம், லப்டொப்பில் பாருங்கள்.

அடுத்தது ஸ்டெல்லேரியம் வெப், பிரவுசரிலேயே திறக்கிற வான வரைபடம். கொழும்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 7 பாகையில் இருப்பதால் துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும், கட்டடங்களுக்கு மேலால் அதைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஆனால் தெற்குச் சிலுவையும் எங்களுக்குத் தெரியும், ஐரோப்பாவில் இருக்கிற சொந்தக்காரருக்குத் தெரியாது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறு. கலியாண வீட்டில் ஐயர் பட்டப்பகலில் அருந்ததி காட்டுவார், மாப்பிள்ளையும் பொம்பிளையும் அண்ணாந்து பார்த்துத் தலையாட்டுவார்கள். இதில் வளிமண்டலத்தை நிறுத்திவிடலாம், பகலிலும் நட்சத்திரம் தெரியும். முகூர்த்த நேரத்தையும் ஊரையும் கொடுத்து, சப்தரிஷி மண்டலத்தின் வால் பக்கத்தில் வசிட்டரைத் தேடினால், ஒட்டினாற்போல அருந்ததி. அந்த நேரத்தில் அது மேலே நின்றதா, அடிவானத்துக்குக் கீழே போயிருந்ததா என்பதும் தெரிந்துவிடும். வெறுங்கண்ணுக்கு இரண்டாகத் தெரிகிற இந்தச் சோடியில் உண்மையில் ஆறு நட்சத்திரங்கள், வசிட்டரில் நாலு, அருந்ததியில் இரண்டு. கலியாண அல்பம் வைத்திருக்கிறவர்கள் கட்டாயம் ஒருக்கா செய்து பாருங்கள்.

மூன்றாவது தளம் ஸூனிவர்ஸ், இது பார்ப்பதற்கு மட்டும் இல்லை, வேலையும் செய்யலாம். விஞ்ஞானிகளிடம் குவிந்து கிடக்கிற படங்களை எங்களைப் போன்றவர்கள் பிரித்துக் கொடுக்க வேண்டும்: இந்தக் கலக்ஸி, அதாவது நட்சத்திரங்களின் பெருங்கூட்டம், சுருளா உருண்டையா, இந்தக் கமராவில் அகப்பட்டது என்ன மிருகம், இப்படி. ஒரே படத்தைப் பலருக்குக் காட்டி விடைகளை ஒப்பிடுகிறார்கள், அதனால் பிள்ளைகளையும் தைரியமாக இருத்தலாம். இதற்கெல்லாம் தொடக்கம் 2007இல் வந்த கலக்ஸி ஸூ. அதில் படம் பார்த்துக்கொண்டிருந்த ஹனி வான் ஆர்க்கல் என்கிற நெதர்லாந்துப் பள்ளிக்கூட ஆசிரியை, ஒரு கலக்ஸிக்குப் பக்கத்தில் யாரும் கவனிக்காத விசித்திரமான ஒளிக் கூட்டத்தைக் கண்டு இது என்ன என்று கேட்டார். பிறகு ஹபிள் தொலைநோக்கியே அதைத் திரும்பிப் பார்த்தது, பெயரும் அவருடைய பெயர்தான். குறை என்றால் எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதுதான், சின்னப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்து விளங்கப்படுத்த வேண்டும்.

விளையாட்டுக்கு லிசெஸ், செஸ் ஆடுகிற தளம். 2010இல் திபோ டுப்ளெஸி என்கிற பிரெஞ்சு புரோகிராமர் தொடங்கியது, இன்றைக்கும் நன்கொடையில் ஓடுகிறது, ஒரு விளம்பரம் கிடையாது. மற்ற இடங்களில் காசு கட்டினால்தான் தாராளமாகக் கிடைக்கிற ஆட்ட ஆய்வு இங்கே எல்லோருக்கும் இலவசம். எந்த நகர்வில் கோட்டை விட்டோம் என்று ஸ்டொக்ஃபிஷ் என்கிற செஸ் புரோகிராம் காட்டும். புதிர்களும் உண்மையாக யாரோ விளையாடிய ஆட்டங்களிலிருந்து எடுத்தவை, அதனால் புத்தகப் புதிர் போலச் செயற்கையாக இருக்காது. கணக்கு இல்லாமலே விளையாடலாம், புள்ளி ஏற வேண்டுமென்றால் மட்டும் பதிவு செய்யுங்கள். பள்ளிக்கூட செஸ் அணியில் இருக்கிற பிள்ளைக்கு கொம்பியூட்டரில் முதலில் போட்டுக் கொடுக்க வேண்டியது இதைத்தான். தமிழிலும் மாற்றிக்கொள்ளலாம், செட்டிங்ஸில் மொழி என்ற இடத்தில் இருக்கிறது.