ஆக்டேவியா ஆர்எஸ் 1.8 டர்போ: எஞ்சினை இறக்கிக் கட்டி 31,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு

மார்கழிக் குளிரில் காலை ஆறு மணிக்கு வண்டியை எடுத்தால், முதல் மூன்று நிமிடம் எஞ்சினுக்குள் யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம் வரும். எதிர்வீட்டுப் பெரியவர் போன வருஷம் கேட்டேவிட்டார்: “ஏனுங்க தம்பி, வண்டிய டீசலுக்கு மாத்திப் போட்டீங்களா?” டெம்பரேச்சர் முள் பாதிக்கு ஏறியதும் சத்தம் தானாக அடங்கிவிடும். அது கோளாறு இல்லை. நான் காசு கொடுத்து வாங்கிய சத்தம். ஏனென்று பின்னால் சொல்கிறேன்.

வண்டி 2006 மாடல். 1781 சிசி, நான்கு சிலிண்டர், சிலிண்டருக்கு ஐந்து வால்வு, கம்பெனிக் கணக்கில் 150 குதிரைத்திறன். 1,12,000 கிலோமீட்டர் ஓடியதை வாங்கினேன். முந்தைய ஓனர் ஆயில் மாற்றுவதில் கஞ்சன். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றிப் பார்த்தால் ஆயில் உறிஞ்சும் சல்லடையில் தார் மாதிரி அப்பியிருந்தது, பேரிங் தேய்ந்து செம்பு தெரிந்தது. எப்படியும் எஞ்சினை இறக்கித்தான் ஆகவேண்டும். இறக்குவதுதான் இறக்குகிறோம், கொஞ்சம் பலமாகவே கட்டிவிடலாமே என்ற ஆசை அப்போது பிடித்ததுதான். கோயம்புத்தூரில் அந்த ஆசை வருவதும் சுலபம். பம்ப்செட்டும் மோட்டாரும் செய்கிற ஊர், தெருவுக்கு ஒரு லேத் இருக்கிறது.

என்னிடம் பேசுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது “எந்த டர்போ போட்டீங்க?” என்றுதான். நானும் அங்கேதான் ஆரம்பித்துத் தப்பு செய்தேன். எஞ்சினை இறக்குவதற்கு முன்பே கேரட் (Garrett) கம்பெனியின் 3071 என்ற பெரிய டர்போவை செகண்ட் ஹேண்டில் வாங்கி வைத்துவிட்டேன். 400 குதிரை என்று பேப்பரில் பார்க்க ஜோராக இருந்தது. ஆனால் 1.8 லிட்டர் எஞ்சினில் அது மூச்சு பிடிக்கவே 4,000 ஆர்பிஎம்முக்கு மேல் ஆகும். ஆழியாரிலிருந்து வால்பாறை ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் வளைவுக்கு வளைவு 2,000க்கு இறங்கி ஏறுகிற எனக்கு அதனால் என்ன பிரயோஜனம்? பெட்டியைப் பிரிக்காமலே விற்றுவிட்டு, ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

நோட்டில் எழுதிய கணக்கு இதுதான். எனக்கு எஞ்சினில் 290, 300 குதிரை போதும். முறுக்குவிசையை ஆர்பிஎம்மால் பெருக்கி 7121ஆல் வகுத்தால் குதிரைத்திறன். 5,500 ஆர்பிஎம்மில் 380 நியூட்டன் மீட்டர் இருந்தால் 293 வந்துவிடும். இதற்கு அதே கம்பெனியின் சின்ன டர்போவான ஜிடி2860ஆர்எஸ் தாராளமாகப் போதும். பெட்ரோல் கணக்கும் அதே பக்கத்தில் முடிந்தது. டர்போ எஞ்சினில் ஒரு குதிரைக்கு நிமிடத்துக்குச் சுமார் 6.3 சிசி பெட்ரோல் வேண்டும். 300 குதிரைக்கு 1,890. நாலு இன்ஜெக்டருக்குப் பங்கு போட்டு, 85 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக்கூடாது என்று வைத்தால் ஒன்றுக்கு 556 சிசி. ஆக 550 சிசி இன்ஜெக்டர், டேங்கில் கொஞ்சம் பெரிய பம்ப். “எதுக்கும் இருக்கட்டும்” என்று 1,000 சிசி வாங்கிய நண்பர் ஒருவர் இன்றுவரை ஐடிலிங்கைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்.

1.8 டர்போவைக் கட்டுகிறவர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்கிற பலவீனம், பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராட்தான். கிராங்க் ஃபோர்ஜிங், அதைத் தொட வேண்டியதில்லை. ராட் மட்டும் மெலிசு. சுமார் 350 நியூட்டன் மீட்டருக்கு மேல் போனால் பயத்தோடுதான் ஓட்ட வேண்டும். இதில் பலர் குழம்புவது ஒரு விஷயத்தில். ராடை வளைப்பது குதிரைத்திறன் இல்லை, முறுக்கு. அதிலும் 2,800, 3,000 ஆர்பிஎம்மில் சின்ன டர்போ திடீரென்று பூஸ்ட்டை, அதாவது அழுத்திய காற்றை, கொட்டும்போதுதான் ராட் மேல் பாரம் அதிகம் விழுகிறது. ஆர்பிஎம் ஏற ஏற அடிபடுவது ராட் போல்ட். அதனால்தான் கம்பெனி கொடுத்த ஸ்டாக் டர்போவிலேயே புது மேப் (எஞ்சின் கம்ப்யூட்டரில் உள்ள பெட்ரோல், பூஸ்ட் கணக்கு) போட்டு முறுக்கை ஏற்றிய வண்டியில் ராட் வளைவதும், அதைவிட அதிகக் குதிரைத்திறன் எடுக்கும் பெரிய டர்போ வண்டியில் ராட் தப்புவதும் நடக்கிறது. நான் ஹெச் பீம் ராட் போட்டேன், ஏஆர்பி போல்ட்டோடு. 31,000 கிலோமீட்டரில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஒரே எச்சரிக்கை: இந்த எஞ்சினில் பிஸ்டன் பின் 19 மி.மீ., 20 மி.மீ. என்று இரண்டு அளவில் வந்திருக்கிறது. ராட், பிஸ்டன் இரண்டையும் ஒரே பின் அளவில் ஆர்டர் போடுங்கள்.

இப்போது அந்தச் சத்தம். ஃபோர்ஜ்டு பிஸ்டனில் இரண்டு உலோகக் கலவை உண்டு. 4032-இல் சுமார் 12 சதவீதம் சிலிக்கான் இருப்பதால் சூட்டில் அதிகம் விரியாது, நெருக்கமாகப் பொருத்தலாம், சத்தம் வராது. 2618-இல் சிலிக்கான் இல்லையென்றே சொல்லலாம். விரிவு அதிகம், ஆனால் நாக்கிங் (பெட்ரோல் நேரம் தப்பி வெடிப்பது) வந்தால் நொறுங்காமல் தாங்கும். நம் ஊர் பெட்ரோலையும் என் வலது காலையும் நினைத்து 2618 எடுத்தேன். அதற்குச் சிலிண்டர் சுவரோடு இடைவெளி 85 மைக்ரான் விட வேண்டும் என்பது பிஸ்டன் பெட்டியில் வந்த தாளிலேயே இருந்தது. வார்ப்பு பிஸ்டனுக்கு விடுகிற மாதிரி இரண்டு மடங்கு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் அந்த இடைவெளியில் ஆடித் தட்டுவதுதான் காலைச் சத்தம்.

லேத் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. முப்பது வருஷம் போரிங் போட்டவர். “தம்பி, எண்பத்தஞ்சு மைக்ரான்னா அது புது எஞ்சின் இல்ல, தேஞ்ச எஞ்சின். நான் நாப்பதுல வெச்சுத் தரேன், பட்டு மாதிரி ஓடும்.” அவர் சொன்னபடி கட்டியிருந்தால் முதல் மலை ஏற்றத்திலேயே பிஸ்டன் விரிந்து சுவரைப் பிடித்திருக்கும். தாளைக் காட்டினேன், நம்பவில்லை. கடைசியில் ஒரு பிஸ்டனை அவர் வீட்டு அடுப்பில் சூடாக்கிய எண்ணெயில் போட்டு எடுத்து மைக்ரோமீட்டர் வைத்தோம். அளவு எவ்வளவு கூடியது என்று அவரே படித்தார். ஒன்றும் பேசாமல் போய், டார்க் பிளேட் (ஹெட்டை இறுக்கியது போலப் பிளாக்கை இறுக்கிப் பிடிக்கும் கனத்த தகடு) மாட்டி, சுவரைக் கல்லால் தேய்த்து 81.5 மி.மீ.க்கு ஹோனிங் போட்டார். மேல், நடு, கீழ் என்று சிலிண்டருக்கு மூன்று இடத்தில், இரண்டு திசையில் டயல் கேஜ் வைத்து, 24 அளவையும் சுண்ணாம்புக் கட்டியால் பிளாக்கிலேயே எழுதி வைத்தார். அந்தப் போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. மொத்தச் செலவில் கடுகளவு கூட வராத வேலை. என்னைக் கேட்டால் எஞ்சின் இன்றைக்கும் ஓடுவதற்கு டர்போவை விட அந்த 24 எண்கள்தான் காரணம்.

ரிங் முனை இடைவெளியும் அப்படித்தான். டர்போ சூட்டில் ரிங் நீளும். முனைகள் முட்டினால் பிஸ்டனின் ரிங் மேடு பெயர்ந்து வரும். மேல் ரிங்குக்கு 0.45 மி.மீ. வைத்து அரம் போட்டோம். கொஞ்சம் பெரிதாக இருந்தால் லேசாக ஆயில் குடிக்கும், அவ்வளவுதான். எனக்கு 5,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் குறைகிறது. பேரிங் இடைவெளி தண்டின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று பழைய கணக்கே வைத்தோம். ஹெட்டுக்கு ஏஆர்பி ஸ்டட். ஒரிஜினல் போல்ட் 40 நியூட்டன் மீட்டர் இறுக்கி, பிறகு இரண்டு முறை கால் சுற்று திருப்புகிற வகை. ஒரு தடவைக்கு மேல் ஆகாது. வால்வு, கேம், போர்ட் எதையும் தொடவில்லை.

கம்ப்ரஷன் விகிதத்தை 9க்கு 1 என்று வைத்தேன். 8.5க்கு இறக்கச் சொன்னவர்கள் உண்டு. இறக்கினால் பூஸ்ட் வராத நேரமெல்லாம் வண்டி செத்த மாடு. 95 ஆக்டேனில் 1.2 பார் பூஸ்ட் ஓடுகிறது. 100 ஆக்டேன் எல்லா பங்கிலும் கிடைப்பதில்லை என்பதால் அதை நம்பி மேப் போடவில்லை. இ20 வந்த பிறகு மேப்பை ஒருமுறை திருத்த வேண்டியிருந்தது. சாதா பெட்ரோலுக்குக் காற்று 14.7க்கு 1 என்றால், 20 சதவீதம் எத்தனால் கலந்ததற்குச் சுமார் 13.5. திருத்தாமல் ஓட்டினால் கலவை வறண்டு போகும். எத்தனால் நாக்கிங்கை அடக்கும் என்பது நமக்கு லாபம்தான், ஆனால் பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸ்களை மாற்றிவிட்டு அந்த லாபத்தைப் பேசுங்கள்.

கெட்டுப் போனவை இரண்டு. முதலாவது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. ஆன்லைனில் சல்லிசாகக் கிடைத்த வார்ப்பு. எட்டாவது மாதம் இரண்டாவது, மூன்றாவது போர்ட்டுக்கு நடுவில் மயிரிழை விரிசல். குளிர்ந்த எஞ்சினில் டிக் டிக் என்று சத்தம் வரும், சூடானால் விரிசல் மூடிக்கொள்ளும். பிஸ்டன் சத்தத்தோடு அது கலந்துவிட்டதால் இரண்டு மாதம் கண்டுபிடிக்கவே இல்லை. சிங்காநல்லூர் பக்கம் ஒரு வெல்டரிடம் கனத்த ஸ்டீல் பைப்பில் செய்து வாங்கினேன். அழகில்லை. கெட்டி.

இரண்டாவது கியர்பாக்ஸ், முழுக்க என் பிழை. இந்த வண்டியின் 02ஜே பெட்டியில், இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் ரிங் கியர் ரிவெட்டில் நிற்கிறது. ஸ்டாக் முறுக்குக்கு அது தாராளம். முறுக்கை இரண்டு மடங்காக்குகிறவன் ரிவெட்டை எடுத்துவிட்டு போல்ட் போட வேண்டும் என்று தெரிந்தே தள்ளிப் போட்டேன், பெட்டியை இன்னொரு முறை பிரிக்கச் சோம்பல். பதினாலாவது மாதம் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ஒரு டிராக் டே. ஸ்டார்ட்டில் கிளட்சை விட்டதும் ‘கடக்’. ரிவெட் தலை பிய்ந்து போய்ப் பெட்டியை உள்ளிருந்து குத்தியிருந்தது. கீழே குனிந்து பார்த்தால் கியர் ஆயில் கோடு போட்டிருக்கிறது. சில ஆயிரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு வேறொரு பெட்டியே வாங்கினேன். இப்போது உள்ளே, ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றவிடாத லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். வளைவில் முன்சக்கரம் காரை உள்பக்கமாக இழுத்துப் போகிற சுகம் தனி.

அதே டிராக் டேயில் ஆறு சுற்றில் ஆயில் சூடு 128 டிகிரியைத் தொட்டது. தெர்மோஸ்டாட் வைத்த ஆயில் கூலர் போட்டதும் 110ஐத் தாண்டவில்லை. டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் ஸ்டாக் இன்டர்கூலர் முன்சக்கரத்துக்கு முன்னால் ஒரு மூலையில் ஒளிந்திருக்கும் சின்னது. அதை எடுத்துவிட்டு முன்பக்கம் பெரியதாக வைத்ததில் வால்பாறை ஏற்றத்தில் உள்ளே போகும் காற்றின் சூடு 78லிருந்து 53 டிகிரிக்கு இறங்கியது. முதலில் காசிருந்தால் இதற்குப் போடுங்கள்.

வருந்துவது கிளட்சுக்கு. அதிர்வை விழுங்கும் ஸ்பிரிங் இல்லாத ஒற்றை மாஸ் ஃபிளைவீலும் கெட்டி கிளட்சும் சேர்த்துப் போட்டேன். பிடிமானம் பிரமாதம். காந்திபுரம் சிக்னலில் இடது தொடை எரிகிறது. நியூட்ரலில் கியர்பாக்ஸ் டப்பாவில் போட்ட சில்லறை மாதிரி கலகலக்கிறது. என் மனைவி இந்த வண்டியை ஓட்டுவதை நிறுத்தியே ஒரு வருஷமாகிறது.

சட்டம் பற்றியும் ஒரு வரி. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, ஆர்சியில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. எஞ்சின் எண்ணும் சிசியும் மாறவில்லை, மற்றதெல்லாம் சட்டம் தெளிவாகச் சொல்லாத விஷயம் என்று நம் ஆட்கள் சொல்லிக்கொள்வார்கள். போரிங் போட்டதில் என்னுடையது 1,803 சிசி. எனவே அந்த வசனத்தை நான் சொல்வதில்லை.

போன மாதம் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி கம்ப்ரஷன் பார்த்தேன்: 11.2, 11.0, 11.3, 10.9 பார். நாலுக்குள்ளும் கேமரா விட்டு எடுத்த படத்தில் ஹோனிங் போட்ட குறுக்குக் கோடுகள் இன்னும் அப்படியே தெரிகின்றன. ஆயில் 5டபிள்யூ-40, ஐயாயிரத்துக்கு ஒருமுறை, ஒரு நாள் தள்ளுவதில்லை. படத்தை லேத் அண்ணனிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “மூணாவதுல மட்டும் லேசா ஒரு கோடு இருக்குது பாரு, ஏர் ஃபில்டர் பைப்பு எங்கியோ ஊதுது, தூசி உள்ள போகுது” என்றார். போய்ப் பார்த்தேன். டர்போவுக்கு முன்னால் இருக்கும் கிளாம்ப் ஒன்று அரைச் சுற்று தளர்ந்திருந்தது.