ஐபிஎன்ஐ: செடிக்குப் பெயர் வைத்தது யார் என்று பார்க்க ஓர் இலவசப் பேரேடு

புதுச் செடிக்குப் பெயர் வைத்தது நீயா நானா என்ற சண்டை வந்தால் முதலில் திறக்க வேண்டிய தளம் ஐபிஎன்ஐ (IPNI), உலகத் தாவரப் பெயர்களின் பட்டியல். லண்டன் கியூ தோட்டமும் ஹார்வர்டு, ஆஸ்திரேலியத் தேசிய உலர்தாவரகங்களும் (உலர்த்திய செடி மாதிரிகளைக் காக்கும் இடங்கள்) சேர்ந்து இதை நடத்துகின்றன. கட்டணம் கிடையாது. இதற்கு அடித்தளமான இண்டெக்ஸ் கியூயென்சிஸ் என்ற பழைய பெயர்ப்பட்டியல், டார்வின் கொடுத்த பணத்தில் தொடங்கிய வேலை. விதைத் தாவரங்களும் பெரணிகளும் இருக்கும். பாசி, பூஞ்சைக்கு வேறு இடம் போக வேண்டும்.

சோதித்துப் பார்க்க வில்லங்கமான பெயராக எடுத்தால்தான் தளத்தின் தரம் தெரியும். பெரு நாட்டு ஆர்க்கிட் பிராக்மிபீடியம் கோவாச்சியைத் தேடுங்கள். 2002இல் மைக்கேல் கோவாச் என்ற அமெரிக்க ஆர்க்கிட் ஆர்வலர் அதைப் பெருவில் சாலையோரம் விலைக்கு வாங்கி, சைட்டிஸ் (அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) அனுமதி இல்லாமல் புளோரிடாவின் செல்பி தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். செடி வந்து சேர்ந்தது ஜூன் 5. அந்தத் தோட்டத்தின் 'செல்பியானா' இதழின் சிறப்பு இணைப்பில் 'கோவாச்சி' என்ற பெயர் அச்சானது ஜூன் 12. அதே இனத்துக்கு ஆர்க்கிட் ஆய்வாளர் எரிக் கிறிஸ்டென்சன் வைத்த 'பெருவியானம்' என்ற பெயர் அமெரிக்க ஆர்க்கிட் சங்க இதழில் சில நாள் பிந்தி வந்தது.

தளத்தில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன. இரண்டுக்கும் ஆண்டு 2002தான். ஆண்டை மட்டும் பார்ப்பவர் இங்கே ஏமாறுவார். பெயரிடல் விதிக்கு நாள் கணக்கு முக்கியம். முந்தி வெளியானது நிற்கும். எது ஏற்கப்பட்ட பெயர் என்று ஐபிஎன்ஐ சொல்லாது. அதற்கு அந்தப் பக்கத்திலிருந்தே கியூவின் 'பவோ' (POWO, ஏற்கப்பட்ட பெயர்களைக் காட்டும் தளம்) தளத்துக்குப் போக வேண்டும். "ஐபிஎன்ஐயில் ஏறிவிட்டது, அதனால் புது இனம் உறுதி" என்று செய்தி எழுதுவது தவறு. செல்லாத பெயர்களும் அங்கே பதிவாகின்றன.

பின்னாளில் செல்பி தோட்டம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 5,000 டாலர் அபராதம் கட்டியது, கோவாச்சும் தண்டிக்கப்பட்டார். பெயர் மட்டும் அசையவில்லை. செடி எந்த வழியில் வந்தது என்று விதி கேட்பதில்லை. பேரேடும் விதி கேட்பதையே குறித்துக்கொள்கிறது. செடியை முதலில் பார்த்தவர், விற்றவர், படம் பிடித்தவர் யாருக்கும் ஆசிரியர் பெயர் வரியில், அதாவது செடிப்பெயரை ஒட்டி அதை வைத்தவரைக் குறிக்கும் வரியில், இடமில்லை. மாதிரி சேகரித்தவரைக் குறிக்கத் தனிக் கட்டங்கள் உண்டு. பழைய பெயர்களுக்கு அவை பெரும்பாலும் காலி.

ஆசிரியர் வரியைப் படிக்கத் தெரியாவிட்டால் இந்தத் தளத்தால் பாதிப் பயன்தான். 'அ எக்ஸ் (ex) ஆ' என்றால் பெயரை யோசித்தவர் அ, முறைப்படி வெளியிட்டவர் ஆ. சுருக்கி எழுதும்போது அடிபடுவது யோசித்தவர்தான்! மெட்ராஸில் வேலை பார்த்த தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் பெயர் 'வைட் எக்ஸ்' என்று வரும் இடங்களை இப்படித்தான் படிக்க வேண்டும். அடைப்புக்குறிக்குள் இருப்பவர் முதலில் பெயர் வைத்தவர், வெளியே இருப்பவர் பேரினத்தையோ வகைப்பாட்டுப் படிநிலையையோ மாற்றியவர்.

ஆய்வு மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டுரையின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்பது மட்டும் போதாது. புதுப் பெயரை ஒட்டி, 'புது இனம்' என்ற குறிப்புக்கு முன்னால் யாருடைய பெயர் அச்சாகிறதோ அதுவே பேரேட்டுக்குப் போகும். துறைத்தலைவரை அங்கே சேர்ப்பதா, களத்தில் செடியைப் பிரித்தறிந்த மாணவரை விடுவதா என்பதை அச்சுப்படி திருத்தும்போதே பேசித் தீர்த்துவிட வேண்டும். அச்சான பிறகு தளத்துக்கு எழுதினால் எழுத்துப்பிழை, பக்க எண், தேதி திருத்துவார்கள். விடுபட்ட ஆசிரியரைச் சேர்க்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை.

செடியைத் தேடும்போது அதன் லத்தீன் பெயர் மட்டுமே செல்லும். பெயரின் ஈற்றில் 'i' எழுத்து ஒன்றா இரண்டா என்று சந்தேகம் வந்தால் பாதிச் சொல்லோடு நட்சத்திரக் குறி (*) போடுங்கள்.