மார்பகக் கட்டிக்கு எந்த ஊசி: எஃப்.என்.ஏ.சி.யா, கோர் பயாப்ஸியா?

மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிச் சோதிப்பது எஃப்.என்.ஏ.சி., தடித்த ஊசியால் திசுத் துண்டு எடுத்துச் சோதிப்பது கோர் பயாப்ஸி. வலி மட்டும் இருக்கிறது, மருத்துவர் தடவிப் பார்த்தும் கட்டி தட்டுப்படவில்லை என்றால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. மாதவிலக்குக்கு முன் இரு பக்கமும் கூடி, விலக்கானதும் தணிகிற வலிக்கு ஊசிப் பரிசோதனை தேவையில்லை. நன்றாகத் தாங்கும், அளவான உள்ளாடையும் மேலே தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல்லும் பலருக்குப் போதும். கட்டி தட்டுப்பட்டால் கதை வேறு. ‘வலிக்கவில்லையே’ என்று விட்டுவிடாதீர்கள், புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை.

எந்த ஊசியானாலும் அதற்கு முன் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், 40 வயதைத் தாண்டியவர்களுக்கு மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே). முதலில் குத்திவிட்டால் உள்ளே ரத்தம் கட்டி, படத்தில் கட்டியின் விளிம்பை மறைத்துவிடும்.

எஃப்.என்.ஏ.சி. எளிது. 22 அல்லது 23 கேஜ் (எண் கூடக் கூட ஊசி மெல்லியது) மெல்லிய ஊசி, மரத்துப்போக மருந்துகூடப் பெரும்பாலும் வேண்டாம், சில நிமிடத்தில் முடியும், அன்றைக்கே ரிப்போர்ட் வரலாம், செலவும் குறைவு. ஆனால் கிடைப்பது உதிரி செல்கள்தான். வெறும் ரத்தம் வந்தாலோ, செல்களைப் பூசிய கண்ணாடி ஸ்லைடு ஆல்கஹாலில் போடுவதற்குள் காய்ந்துவிட்டாலோ, மறுபடி குத்த வேண்டியதுதான்.

எங்கள் சாய்வு கோர் பயாப்ஸி பக்கம். தோலை மரக்கவைத்து, சில மில்லிமீட்டர் கீறி, ஸ்கேனில் பார்த்தபடியே 14 கேஜ் ஊசியை நெஞ்சுச் சுவருக்கு இணையாகச் செலுத்துவார்கள். ஊசிக் கருவியின் விசை ‘டக்’கென்று சத்தம் போடும், முன்கூட்டிச் சொல்லாவிட்டால் நோயாளி திடுக்கிட்டு அசைய, குறி தப்பும். வழக்கமாக மூன்று முதல் ஐந்து துண்டுகள். ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்) மிதக்கிற துண்டு பெரும்பாலும் வெறும் கொழுப்பு, மூழ்குகிற துண்டுதான் நம்பிக்கை தரும். பிறகு ஐந்து முதல் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும், சில நாள் நீலம் பாரித்திருக்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

இத்தனை சிரமம் எதற்கு? சிகிச்சை முடிவு முழுவதும் இந்தத் துண்டில்தான் இருக்கிறது. புற்று பால்நாளத்துக்குள்ளேயே நிற்கிறதா, சுவரை உடைத்து வெளியேறிவிட்டதா என்று உதிரி செல்லைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. திசு வரிசை குலையாமல் இருக்கும் துண்டில் தெரியும். எந்த மருந்து பலிக்கும் என்று காட்டுகிற ஈஆர், பிஆர் (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (ஒரு புரதம்) சோதனைகளுக்கும் துண்டுதான் நம்பகமானது. அறுவைக்கு முன் கீமோ கொடுப்பதாக இருந்தால் இது இன்னும் முக்கியம்: கட்டி முழுதும் கரைந்துவிட்டால் பிறகு சோதிக்க எதுவும் மிஞ்சாது. எஃப்.என்.ஏ.சி.யில் ‘புற்று’ என்று வந்தாலும் கோர் எடுக்கத்தான் போகிறார்கள். மிச்சம் பிடித்த நேரமும் பணமும் அங்கே கரைந்துவிடும்.

துண்டு எடுத்த கையோடு 10% பஃபர் ஃபார்மலினில் போக வேண்டும், ஒரு மணி நேரம் தாண்டக் கூடாது. அதில் 6 முதல் 72 மணி நேரம் ஊற வேண்டும். இந்த இடத்தில் அசட்டையாக இருந்தால் ஈஆர் ‘இல்லை’ என்று பொய்யாக வரலாம், தமொக்சிஃபென் போன்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரையால் பலன் பெற வேண்டிய பெண் அதை இழந்துவிடுவார்.

கோர் சொல்வது எல்லாமே முடிவான வார்த்தை என்றும் சொல்ல மாட்டோம். ஃபைப்ரோஅடினோமாவா (புற்றல்லாத சாதாரணக் கட்டி), அதைப் போலவே தோன்றும் ஃபிலோட்ஸ் கட்டியா என்று அதுவும் சில நேரம் தடுமாறும். கட்டியை முழுதாக எடுத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

மெல்லிய ஊசிக்கு உரிய இடம் நீர்க்கட்டியும் அக்குள் நெறிக்கட்டியும். வெளிர் மஞ்சளாகவோ பச்சையாகவோ நீர் வந்து கட்டியும் மறைந்தால் அத்தோடு சரி. ரத்தம் கலந்திருந்தால் நீரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், கட்டி மிச்சமிருந்தால் அங்கே கோர் எடுக்க வேண்டும்.

‘ஊசி பட்டால் புற்று பரவிவிடும்’ என்று பயந்து தள்ளிப்போடுவதுதான் உண்மையான ஆபத்து. ஸ்கேன் சந்தேகப்பட்டும் பயாப்ஸி ‘சாதாரணம்’ என்றால் அந்த ரிப்போர்ட்டோடு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். ஊசி கட்டியைத் தொட்டதா என்று கேளுங்கள், மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.