ரேம் முழுசா காட்டலையா? "போர்டு போச்சு"ன்னு சொன்னா உடனே நம்பாதீங்க

வேலூர் டவுனில் கம்ப்யூட்டரைச் சர்வீசுக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடைப் பெயரை இப்போது போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

குடியாத்தத்தில் எனக்கு டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, பில் புக், தீப்பெட்டி லேபிள் என்று ஓடும். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நெருங்கினால் நோட்டீஸ் வேலை வந்து குவியும். கோரல்டிராவையும் போட்டோஷாப்பையும் சேர்த்துத் திறந்தால் 4 ஜிபி ரேம் திணறியது. வேலூரில் எப்போதும் கொடுக்கும் கடையிலேயே இன்னொரு 4 ஜிபி போடச் சொன்னேன். போட்டார்கள், காசு வாங்கினார்கள், வேகம் மட்டும் வரவில்லை. திரும்பக் கொண்டுபோனதும் அங்கிருந்த பையன் ஸ்கிரீனை எட்டிப் பார்த்துவிட்டு, "போர்டு போயிடுச்சு சார், ரேம் மாட்டுற ரெண்டாவது ஸ்லாட் எடுக்கல" என்றான். என் எச்61 ரக மதர்போர்டைக் கழற்றிவிட்டு இன்னொரு பழைய எச்61 போர்டை மாட்டி 3,200 ரூபாய் வாங்கினார்கள். பில் கேட்டால் துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள்.

போர்டு மாறியும் அதே கதைதான், எட்டு ஜிபியில் மூன்றேகால் சொச்சம்தான் பயன்பட்டது. கேட்டதற்கு, "மீதி டிஸ்ப்ளேவுக்குப் போயிடும் சார், இந்த மாடல் அப்படித்தான் காட்டும்" என்றார் ஓனர். டிஸ்ப்ளே கொஞ்சம் எடுக்கும், உண்மைதான். அதற்காக எட்டில் ஐந்து பங்குக்குக் கிட்டவா எடுக்கும்?

லீவுக்கு வந்திருந்த அக்கா மகள்தான் விஷயத்தைப் பிடித்தாள். செட்டிங்ஸில் சிஸ்டம் விவரம் இருக்கும் பக்கத்தைத் திறந்து காட்டினாள். பொருத்திய ரேம் 8.00 ஜிபி, பயன்படுத்த முடிவது 3.24 ஜிபி. "போர்டு எடுக்கலைன்னா எட்டுன்னு எப்படி மாமா காட்டும்?" என்றாள். அடுத்த வரியில் விடையே இருந்தது: 32-பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பிராசஸர். பிராசஸர் 64-பிட், அதன் மேல் ஏற்றியிருந்த விண்டோஸ் 32-பிட்.

32-பிட் விண்டோஸ் 10 எவ்வளவு ரேம் போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் தொடாது. அந்த நாலிலும் கிராபிக்ஸ் முதலான சாதனங்களுக்கு முகவரி ஒதுக்கியது போக மூன்றேகால் சொச்சம்தான் மிஞ்சும். முன்பு இதே கடையில் பார்மட் போட்டபோது அந்த 32-பிட்டை ஏற்றியவர்களும் இவர்கள்தான். ஒரே பென்டிரைவை வைத்துக்கொண்டு வருகிற மெஷினுக்கெல்லாம் அதையே ஏற்றுகிறார்கள் போல. தெரியாமல் சொன்னார்களா, போர்டு விற்பதற்காகச் சொன்னார்களா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தெரியாதவன் போர்டு மாற்றிய பிறகாவது முழிப்பான்.

64-பிட் விண்டோஸ் 10 போட்டதும் 7.88 ஜிபி வந்தது. பழைய லைசென்ஸே செல்லும், அதே எடிஷனாக (ஹோமுக்கு ஹோம், புரோவுக்கு புரோ) இருந்தால் போதும். 32-பிட் மேலேயே அப்கிரேடு செய்ய முடியாது, சுத்தமாக ஏற்ற வேண்டும். அதனால் பைல்களை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். பழைய ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் அதற்கு 64-பிட் டிரைவர் கிடைக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் வருவதற்கு முன்னாலேயே, ஆன் செய்ததும் போகக்கூடிய பயாஸ் செட்டிங் திரையிலேயே பாதி ரேம்தான் தெரிகிறது என்றால் அது வேறு. அப்போதும் போர்டு என்பது கடைசிப் பேச்சு. கரண்டை நிறுத்திவிட்டு ரேமைக் கழற்றி, பின்களை அழிரப்பரால் தேய்த்து, கிளிப் 'டக்'கென்று விழும்வரை அழுத்துங்கள். ஒவ்வொரு ரேமையும் தனியாக ஒவ்வொரு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். மலிவாகக் கிடைக்கும் டிடிஆர்3 (பழைய தலைமுறை) ரேம்களில் ஏஎம்டி போர்டுக்கு மட்டும் ஒத்துவருகிற ரகமும் உண்டு, இன்டெல் போர்டில் அது வேலைக்கு ஆகாது. பிராசஸர் உட்காரும் சாக்கெட்டில் பின் வளைந்திருந்தாலும் ஒரு பக்க ஸ்லாட் தெரியாமல் போகும். இதையெல்லாம் உங்கள் கண்ணெதிரே பார்க்கச் சொல்லுங்கள்.

வயிற்றெரிச்சல் இன்னொன்று இருக்கிறது. கேபினெட்டைத் திறந்தபோது, என் பழைய ரேம் இருந்த இடத்தில் வேறு ரேம் இருந்தது. என்னுடையது பச்சை போர்டில் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிய கிங்ஸ்டன். இதில் ஸ்டிக்கரைக் கிழித்த பசை மட்டும் இருக்கிறது. உள்ளே இருக்கும் பாகங்களின் விவரம் காட்டும் சிபியு-இசட் சாப்ட்வேரில் பார்த்தால் கம்பெனிப் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. மெஷினைக் கொடுக்கும் முன் ரேம், ஹார்டு டிஸ்க் ஸ்டிக்கர்களைச் சீரியல் நம்பரோடு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே பேசினேன், துண்டுச் சீட்டோடு யுபிஐயில் பணம் போன ரெக்கார்டும் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கோ சேவைக்கோ வழக்குப் போட்டால் கட்டணமே கிடையாது. புகார் போனது தெரிந்ததும் ஓனர் போன் செய்து, "ரேமை வந்து வாங்கிட்டுப் போங்க சார், போர்டு காசு மட்டும் கேட்காதீங்க" என்றார். நல்லா ஓடிக்கொண்டிருந்த என் பழைய போர்டும் அவரிடம்தான் இருக்கிறது. ரேம், போர்டு காசு, பழைய போர்டு மூன்றும் வரட்டும், அப்புறம் புகாரை வாபஸ் வாங்குகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.