பட்டு நோட்டா, நைந்த சீட்டா? ஜெர்மன் நகரங்களின் அவசரப் பணம்

'நோட்கெல்ட்' என்றதும் நம் காதில் ரூபாய் நோட்டுதான் ஒலிக்கிறது. ஜெர்மன் மொழியிலோ 'நோட்' என்றால் நெருக்கடி, 'கெல்ட்' என்றால் பணம். அந்தப் பெயரில் வந்த தாள்கள் அனைத்துக்கும் பின்னால் உண்மையிலேயே நெருக்கடி இருந்ததா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

போர்க்காலச் சீட்டுகளில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. 1914இல் போர் மூண்டதும் மக்கள் வெள்ளிக் காசுகளைப் பதுக்கினார்கள். நிக்கலையும் செம்பையும் ஆயுதத் தொழிற்சாலைகள் விழுங்கின. அரசு இரும்பிலும் துத்தநாகத்திலும் காசு அடித்துப் பார்த்தது, போதவில்லை. கடையில் மீதிச் சில்லறை தர வழியில்லாமல் நகராட்சிகளே 5, 10, 50 ஃபெனிக் சீட்டுகளை அச்சிட்டன. நூறு ஃபெனிக் ஒரு மார்க். மலிவுத் தாள், நகர முத்திரை, கையொப்பம், எப்போது செல்லாமல் போகும் என்ற குறிப்பு, அவ்வளவுதான். பார்க்க ரேஷன் சீட்டுபோல இருக்கும்.

1920க்குப் பிறகு வந்த வண்ணத் தொடர்கள் வேறு ரகம். ஹாமெலின் நகரம் தன் எலிபிடிக்கும் குழலூதியை அச்சிட்டது. மற்ற ஊர்களும் தத்தம் கதைகளைத் தேடி எடுத்தன. படங்கள் அருமை, மறுக்கவில்லை. ஆனால் கணக்கு வேறு: சேகரிப்பாளரின் ஆல்பத்துக்குள் போன சீட்டு திரும்பி வராது, அதற்கு நகராட்சி ஈடு தரவேண்டியதும் இல்லை. இவற்றில் 75 ஃபெனிக் சீட்டுகள் ஏராளம். அந்த மதிப்பில் ஜெர்மனியில் நாணயமே இருந்ததில்லை! எந்த நாணயத்தின் தட்டுப்பாட்டைத் தீர்க்க இவை வந்தன? 1922 ஜூலையில் அரசு சட்டம் போட்டு இதை நிறுத்தியது.

பொருளை வைத்து ஒப்பிட்டால் பீலெஃபெல்டும் மைசெனும்தான் போட்டியாளர்கள். துணிக்குப் பேர்போன பீலெஃபெல்டில் நகரச் சேமிப்பு வங்கி பட்டிலும் லினனிலும் பணம் அச்சிட்டது. மைசென் பீங்கான் ஆலை செம்பழுப்புக் களிமண்ணில் காசு சுட்டது. கைக்குட்டைபோல மடிக்கக்கூடிய பணம் ஒன்று, கீழே விழுந்தால் உடையும் பணம் மற்றொன்று. கைவேலைக்குப் பீலெஃபெல்ட், காசு என்ற உணர்வுக்கு மைசென்.

1923இல் நெருக்கடி நிஜமாகவே திரும்பியது, இம்முறை சில்லறைத் தட்டுப்பாட்டால் அல்ல, பணவீக்கத்தால். நவம்பரில் ஒரு டாலர் 4.2 லட்சம் கோடி மார்க். தடையெல்லாம் காற்றில் பறக்க, நகரங்கள் மறுபடியும் அச்சிட்டன. பல நோட்டுகளின் பின்பக்கம் வெறுமை. துரிங்கியா அரசு வங்கிக்காக பௌஹௌஸ் என்ற கலைப் பள்ளியைச் சேர்ந்த ஹெர்பர்ட் பேயர் வடிவமைத்த பத்து லட்சம் மார்க் நோட்டில் படமே கிடையாது, எழுத்தும் எண்ணும் மட்டும். அவசரத்திலும் அழகு வரும் என்பதற்கு எனக்கு அது ஒன்றே போதும்.

சுவரில் மாட்ட ஹாமெலின் தொடரை வாங்குங்கள். நான் தேர்ந்தெடுப்பது 1917ஆம் ஆண்டின் பத்து ஃபெனிக் சீட்டை, அதுவும் நான்காக மடித்த தழும்போடு.