ஹெர்பி ஓவர்ஃபுளோ: சத்தமே இல்லை, ஆனால் அந்த வால்வு…

போன வாரம் மீன்தொட்டிக்குக் கீழே சம்ப் (மேல்தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரை வாங்கி பம்ப்பால் திரும்ப மேலே அனுப்பும் கீழ்த்தொட்டி) இருக்கும் அலமாரிக்குள் படுத்துக்கொண்டு பால் (ball) வால்வை மாற்றினேன். அந்தக் கை வலி தீர்வதற்குள் மதுரை நண்பர் ஒருவர் கேட்டார்: "புதுத் தொட்டி செய்யக் கொடுக்கப்போறேன். கண்ணாடியில துளை போடணுமா, பின்னாடி மாட்டுற பாக்ஸ் போதுமா?" மேல்தண்ணீரை வழியவிட்டு சம்ப்புக்கு இறக்கும் ஓவர்ஃபுளோவைப் பற்றித்தான் கேட்டார். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது 4 அடி நீளம், 1.5 அடி அகலம், 2 அடி உயரம். கிட்டத்தட்ட 340 லிட்டர் நன்னீர்த் தொட்டி. ஏஞ்சல் மீன்கள், நிறைய வாலிஸ்நேரியா (நாடா போன்ற இலையுள்ள நீர்ச்செடி). கீழே சம்ப்பில் செர்ரி இறால்கள். சென்னை கொளத்தூரில் செய்யக் கொடுத்தது. மூலையில் ஓவர்ஃபுளோ பெட்டி, அதன் அடியில் இரண்டு துளைகள். ஒன்று வால்வு வைத்த முதன்மைக் குழாய், இன்னொன்று கொஞ்சம் உயரமாக நிற்கும் அவசரக் குழாய். இதுதான் ஹெர்பி.

முதலில் அதன் அமைதியைச் சொல்ல வேண்டும். இதற்கு முன் இருந்த சின்னத் தொட்டியில் டர்சோ என்ற ஓவர்ஃபுளோ முறை வைத்திருந்தேன். அந்த ஒற்றைக் குழாயில் தண்ணீரோடு காற்றும் சேர்ந்து இறங்கும், அதனால்தான் அந்தக் களக்களச் சத்தம். மூடியில் இருக்கும் காற்றுத் துளையைச் சரிசெய்தால் குறையும், முழுக்கப் போகாது. ஹெர்பியின் முதன்மைக் குழாய்க்குள் தண்ணீர் மட்டும்தான், சைஃபன் (குழாய் நிறையத் தண்ணீர் தானே இழுத்துக்கொண்டு இறங்குவது) முழுதாக ஓடுகிறது. காற்று இல்லாததால் சத்தமும் இல்லை. இரவில் ஹாலில் படுத்தால் பம்ப்பின் மெல்லிய ரீங்காரம் மட்டும்தான் கேட்கும்.

எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்றும் உண்டு. கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) ஓடிய காலத்தில் தீவன எண்ணெயால் தண்ணீர் மேல் ஒரு படலம் நிற்கும், காகிதத்தை விரித்து ஒற்றி எடுப்பேன். ஓவர்ஃபுளோ பெட்டி விளிம்பின் பற்கள் மேல்தண்ணீரையே இழுப்பதால் அந்தப் படலம் அடியோடு போய்விட்டது. மேலிருந்து பார்த்தால் மீனின் முதுகுச் செதில்வரை தெரிகிறது. இதற்காக மட்டுமே ஓவர்ஃபுளோ வைக்கலாம் என்பேன்.

சரி, இனி வால்வு.

ஹெர்பியில் மேலே வரும் தண்ணீரும் கீழே போகும் தண்ணீரும் சமமாக இருக்க வேண்டும், அந்தச் சமநிலையை வால்வுதான் காக்கிறது. ஆனால் பம்ப் தள்ளும் அளவு ஒரே மாதிரி இருப்பதில்லை. பம்ப்பின் வாயில் அழுக்கு சேர்ந்தால் குறையும். இன்னொரு காரணம் வெயில். இந்த அமைப்பில் ஆவியாகும் தண்ணீரெல்லாம் சம்ப்பின் கடைசி அறையில்தான் குறையும், மேல்தொட்டியின் மட்டம் அப்படியே நிற்கும். சித்திரை, வைகாசியில் அந்த அறை மளமளவென்று இறங்குகிறது. பம்ப் கூடுதல் உயரத்துக்குத் தள்ள வேண்டியிருப்பதால் ஓட்டம் ஒரு பொடிக்குக் குறைகிறது. சைஃபனோ பழைய வேகத்திலேயே இழுக்கிறது. பெட்டியின் மட்டம் மெல்ல இறங்கி, கடைசியில் குழாய் காற்றைக் குடித்துக் 'கர்ர்' என்கிறது. எழுந்துபோய் வால்வை மயிரிழை திருக வேண்டும்.

பால் வால்வில் அந்த மயிரிழை கிடைக்காது. கால் திருப்பில் முழுதாகத் திறந்து மூடும் பொருள் அது. பல சுற்று திருகும் கேட் வால்வுதான் இதற்குச் சரி. ஹார்டுவேர் கடைகளில் கேட்டால் பித்தளை கேட் வால்வு எடுத்து வைக்கிறார்கள். பித்தளையில் இறாலுக்கு ஆகாத செம்பு இருக்கிறது, இறால் வைத்திருப்பவன் அதை எப்படிப் போடுவது? பிவிசியில் கேட் வால்வு கேட்டால் பால் வால்வையே திரும்பவும் நீட்டுகிறார்கள்.

அப்புறம் எங்கள் போர் தண்ணீர். உப்புப் படிந்து கைப்பிடி இறுகிப்போய், போன வாரம் திருகும்போது கையோடு வந்துவிட்டது. தொட்டி செய்தவர் யூனியன் (திருகிக் கழற்றக்கூடிய இணைப்பு) வைக்காமல் எல்லாவற்றையும் சால்வென்ட் போட்டு ஒட்டியிருந்தார். அலமாரிக்குள் ஹாக்ஸா பிளேடால் குழாயையே அறுக்க வேண்டியதாயிற்று. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. எந்த முறை வைத்தாலும் வால்வுக்கு மேலும் கீழும் யூனியன் வைக்கச் சொல்லுங்கள்.

ஆனால் பாதுகாப்பில் ஹெர்பியைக் குறை சொல்ல மாட்டேன். ஒருமுறை வாலிஸ்நேரியா இலை முதன்மைக் குழாயை அடைத்துவிட்டது. அவசரக் குழாய் மொத்தத் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு பெரிய சத்தம் போட்டது, அதைக் கேட்டுத்தான் ஓடினேன். தரையில் ஒரு சொட்டு இல்லை. அந்தக் குழாயில் வால்வோ, பொடித்துளை வலையோ ஒருபோதும் வைக்காதீர்கள். முதன்மை வால்வை முழுக்க மூடி, பம்ப்பை ஓடவிட்டு ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

கரன்ட் போனால் என்ன ஆகும் என்பதையும் முன்பே கணக்குப் போட வேண்டும். என் தொட்டியில் 1 அங்குலத் தண்ணீர் என்றால் 14 லிட்டர். பம்ப்பிலிருந்து மேலே வரும் ரிட்டர்ன் குழாயின் வாய் 2 அங்குலம் மூழ்கியிருந்தால் 28 லிட்டர் அதே குழாய் வழியே சம்ப்புக்குத் திரும்பி வரும், ஓவர்ஃபுளோ பெட்டியில் நிற்கும் தண்ணீர் அதற்கு மேல். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ரிட்டர்ன் குழாயில் சின்னத் துளை போட்டால் சைஃபன் உடையும், பாசி அடைக்காமல் பார்க்க வேண்டும். தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வை நம்ப வேண்டாம், ஒரு நத்தை ஓடு இடையில் சிக்கினாலே போதும். கரன்ட் வந்ததும் சைஃபன் பிடிக்கும்வரை கொஞ்ச நேரம் சத்தம் இருக்கும். முதன்மைக் குழாயின் முனை சம்ப் தண்ணீருக்குள் 1 அங்குலம் மூழ்கினால் போதும். ஆழமாகப் போனால் உள்ளிருக்கும் காற்று வெளியேறாது.

பின்னால் மாட்டும் பாக்ஸ் வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். துளை இல்லாததால் அது வளைகுழாய் வழியாகத்தான் தண்ணீரை இழுக்கும். அந்த வளைகுழாயின் உச்சியில் குமிழ்கள் சேர்ந்து ஒருநாள் சைஃபன் அறுந்தால், பம்ப் தன் அறையில் உள்ளதையெல்லாம் மேலே கொட்டும். அடிக்கடி கரன்ட் போகும் ஊரில் ஒவ்வொரு முறையும் நெஞ்சு பதறும். டஃபன்ட் (சூடாக்கிக் கடினமாக்கிய) கண்ணாடியில் துளை போட முடியாது, போட்டால் மொத்தமும் நொறுங்கிவிடும். அப்படிப்பட்ட ரெடிமேட் தொட்டி என்றால் கேனிஸ்டரே மேல்.

இவ்வளவு புகழ்ந்தும் அவருக்கு ஹெர்பியைச் சொல்லவில்லை. மூன்று துளை போடுங்கள், பீன் அனிமல் என்ற மூன்று குழாய் முறையை வையுங்கள் என்றேன். அதில் சைஃபன் எடுத்தது போக மிச்சம் இரண்டாவது குழாயில் வழியும். ஓட்டம் கூடினாலும் குறைந்தாலும் அந்தக் குழாய் ஏற்றுக்கொள்ளும், வால்வைத் தொட வேண்டியதில்லை. மூன்றாவது குழாய் காய்ந்தபடி காவலுக்கு நிற்கும். ஹெர்பியின் அவசரக் குழாயிலேயே கொஞ்சம் வழியவிடலாமே என்பார்கள். நானும் அப்படித்தான் ஓட்டுகிறேன். வழிவது சற்றுக் கூடினால் சத்தம் வருகிறது, காவலுக்கு நிற்க வேண்டிய குழாயும் காய்ந்து இருப்பதில்லை. ஒரு மாதம் முன்பு கேட்டிருந்தால் ஹெர்பியே போதும் என்றிருப்பேன். இன்று சொல்ல மனம் வரவில்லை.

கூடுதல் செலவு ஒரு துளை, ஒரு டேங்க் நிப்பிள் (துளையில் குழாயைப் பொருத்தும் இணைப்பு), சில அடி குழாய். துளையின் விட்டம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு தூரமாவது கண்ணாடி ஓரத்திலிருந்து தள்ளி இருக்கட்டும். வைர ஹோல்சாவால் (வட்டமாகத் துளை அறுக்கும் பிட்), தண்ணீர் விட்டுக்கொண்டே மெதுவாக அறுக்கச் சொல்லுங்கள். பிவிசி கேட் வால்வு கைக்கு வரும்வரை தொட்டிக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.